கையொப்பம் சரி: வளவன்

“செத்துப்போனது எப்போன்னு சொன்னீங்க?” என்று பீமாராவ் மறுபடியும் கேட்டான்.

“போன ஆடியில,” என்றாள் மோனிகா.

“இந்தப் பதில எழுதுனது?”

“முந்தாநேத்து.”

பீமாராவ் பாதி கடித்த வடையைத் தட்டிலேயே வைத்துவிட்டான். செஞ்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த அந்த ஓட்டலில் மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் அவனுக்கு முதுகு நனைந்தது. சன்னலுக்கு வெளியே ராஜகிரி நின்றது. யாரோ கோபத்தில் கொட்டிவிட்டுப் போனது போல் பாறைமேல் பாறை.

“பரவால்ல, அந்தப் பக்கம் டவர் நல்லா கெடைக்குது போல,” என்றான்.

அவனுக்குப் பயம் வந்துவிட்டால் வாய் நிற்காது. ஆம்புலன்ஸ் ஓட்டிய காலத்திலிருந்தே அப்படித்தான். அந்த வாய்க்காகவே மூன்று இடத்தில் வேலை போய், கடைசியில் விழுப்புரத்தில் ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருந்த ரஞ்சனியிடம் வந்து சேர்ந்திருந்தான். கார் ஓட்டுவது, ஆள் விசாரிப்பது, திட்டு வாங்குவது மூன்றும் அவன் பொறுப்பு.

ரஞ்சனி சிரிக்கவில்லை. சென்னையில் ஒரு கம்பெனியின் நெட்வொர்க்குக்குள் எவனாவது திருட்டுத்தனமாக நுழைகிறானா என்று வருடக்கணக்காகத் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் அவள். சிரிப்பு அங்கேயே தேய்ந்துவிட்டது. சர்க்கரை போடாத டீயை ஒரு வாய் குடித்துவிட்டு மோனிகாவின் கைபேசியைத் தன் பக்கம் திருப்பினாள்.

‘காவல்மாடம்’ என்று ஒரு இணையக் குழு. நெட்வொர்க் பாதுகாப்பும் கிரிப்டோகிராஃபி என்கிற பூட்டுக் கணக்கும் படிக்கிற தமிழ்ப் பிள்ளைகள் கூடும் இடம். எங்கே தொடங்குவது, எந்தப் புத்தகம் நல்லது, எந்த வீடியோவை நம்பலாம் என்று கேள்விகள் வந்து விழும். அவற்றுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னவன் மோனிகாவின் தம்பி வளவன். சென்னையில் வேலை, பாதி நாள் செஞ்சி சிறுகடம்பூர் வீட்டிலிருந்தே. திண்டிவனம் சாலையில் லாரி மோதிப் போய்விட்டான். லேப்டாப் பை முதுகிலேயே இருந்தது. அதுவும் அவனோடு நொறுங்கிப்போனது.

பொங்கல் கழிந்ததும் அவன் பெயரில் மறுபடி ஒரு பதில் வந்தது. அதற்குப் பிறகு நிறைய. ஒவ்வொன்றின் அடியிலும் பச்சை நிறத்தில் ஒரு வரி: கையொப்பம் சரி: வளவன்.

“ஒடம்ப நான்தான் மேடம் அடையாளம் காட்டுனேன்,” என்றாள் மோனிகா. திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டவள். அழுது தீர்ந்துபோன முகம். “அம்மாவ உள்ள உடல. பாக்குற மாதிரி இல்ல. இப்போ அம்மா இன்னா சொல்லுதுன்னா, நீ பாத்தது அவனே இல்லன்னுது. கதவுக்குத் தாப்பா போட மாட்டேங்குது. நாள் பூரா அவன் கம்ப்யூட்டர் முன்னாடி குந்திக்கினு அவன் எழுதறத படிச்சிக்கினே இருக்குது. அமாவாச தவறாம மலையனூர் போயி ஆத்தாகிட்ட சண்ட போடுது. வெள்ளிக்கெழம வருஷத் திதி. படத்துக்கு மால போடணும்னா, ‘உசுரோட இருக்கிற புள்ளைக்கு இன்னாத்துக்குடி மால’ன்னு கேக்குது.”

“நீங்க என்ன எதிர்பாக்கிறீங்க?”

“எவனோ என் தம்பி பேர்ல வெளாட்றான். அவன் யாருன்னு சொல்லுங்க, போதும். அம்மா கால்ல வந்து உழுந்து ‘நான்தான் எழுதுனேன், உங்க புள்ள இல்ல’ன்னு சொல்லட்டும். இல்லன்னா எங்கம்மா எனக்குக் கெடைக்காது மேடம்.”

அவள் பேருந்தைப் பிடிக்க ஓடிய பிறகு, பீமாராவ் குரலைத் தாழ்த்தினான். “மேடம், அந்தப் பச்சை வரிய யார் வேணா போட முடியாதா?”

“முடியாது. வளவன்கிட்ட ஒரு ஜோடி சாவி. ஒண்ணு அவனோட ரகசியச் சாவி. இன்னொண்ண ஊருக்கே குடுத்துட்டான். ரகசியச் சாவியால அவன் கையொப்பம் போட்டா, ஊர்ச் சாவியால யாரும் சரிபாக்கலாம். ஊர்ச் சாவியால பூட்டி அவனுக்கு ஒண்ணு அனுப்பினா, ரகசியச் சாவியால மட்டும்தான் தொறக்கலாம். அந்தச் சாவிக்கும் ஒரு கடவுச்சொற்றொடர் உண்டு. அது அவன் மண்டைக்குள்ள இருந்திருக்கும்.”

“மண்டை எரிஞ்சிபோச்சே.”

“அதான் கேஸே.”

கார் காந்தி பஜாரை நோக்கி ஊர்ந்தது. ரஞ்சனி கைபேசியில் வளவனின் பதில்களைப் படித்துக்கொண்டே வந்தாள். பொங்கலுக்குப் பிந்தைய முதல் பதிலைச் சத்தமாக வாசித்தாள். சுவாதி என்ற கல்லூரி மாணவி, கூகுளில் தேடினால் ஆயிரம் வருகிறது, எதை நம்புவது என்று கேட்டிருந்தாள். அடுத்த செமஸ்டர் தொடங்கும் அன்றைக்கு முழுசாகச் சொல்கிறேன் என்று வளவன் உயிரோடு இருந்தபோதே வாக்குக் கொடுத்திருந்தான். செமஸ்டர் தொடங்கிய அன்று காலை, சொன்னபடியே பதில் வந்திருந்தது.

‘முதலில் நெட்வொர்க். உன் வீட்டு வைஃபையில் ஓடும் தரவுப் பாக்கெட்டுகளை ஒரு வாரம் சும்மா வேடிக்கை பார். பணம் கேட்கும் பயிற்சி எதுவும் இப்போது வேண்டாம். பல்கலைக்கழகங்கள் இலவசமாகப் போட்டிருக்கும் பாடங்களே போதும். புதிர்த் தளங்களில் தினம் ஒரு பூட்டை உடைத்துப் பழகு. உன்னுடையது அல்லாத எதையும் உடைக்காதே. கணக்கு மெதுவாக வரட்டும், பயப்படாதே.’

“நல்ல பையன்,” என்றான் பீமாராவ்.

“இப்ப மாசியில வந்தத கேளு.” ரஞ்சனி விரலால் தள்ளினாள். ‘முதலில் கணக்கு. பன்னிரண்டுக்குப் பிறகு மறுபடி ஒன்று வருகிறதே, அந்தக் கடிகாரக் கணக்கைத் தாளில் போட்டுப் பழகு. வழி காட்டாத விடைக்கு மதிப்பில்லை. தவறாகப் போனால் அழிக்காதே. ஒரு கோடு இழுத்துவிட்டுப் பக்கத்தில் எழுது.’

“செத்தப்புறம் பையன் ரொம்ப ஸ்ட்ரிக்ட் ஆயிட்டான்.”

“செத்தப்புறம் கணக்கும் நல்லா வந்திருக்கு,” என்றாள் ரஞ்சனி.

விமல்ராஜின் கம்ப்யூட்டர் சென்டர் ஒரு நகைக்கடை மாடியில் இருந்தது. படிக்கட்டுச் சுவரிலேயே வளவனின் படம் போட்ட தட்டி: ‘வளவன் நினைவு சைபர் செக்யூரிட்டி வகுப்பு. சேர்க்கை நடைபெறுகிறது.’ படத்தில் வளவன் எதையோ சொல்ல வாயெடுத்தவன் போலிருந்தான். பீமாராவ் அதைக் கடக்கும்போது கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

“செத்தவன் பதில் சொல்ல ஆரம்பிச்சப்புறம் உங்க வகுப்புல கூட்டம் கூடிச்சாம்ல?” என்றான், நாற்காலியில் உட்காரும் முன்பே.

விமல்ராஜ் பருத்த, சோர்ந்த இளைஞன். முகம் சிவந்துவிட்டது. “கூடிச்சிதான். அதுக்காக நான் எழுதுறேன்னு சொல்றீங்களா? அவன் என் கூட்டாளிண்ணே. சின்ன வயசுலேர்ந்து ஒரே தட்டுல சாப்டவங்க நாங்க.”

ரஞ்சனி குறுக்கே கேட்டாள். “ஏழால வகுத்தா மூணு மிச்சம், அஞ்சால வகுத்தா ரெண்டு மிச்சம். இருபதுக்குள்ள என்ன எண்?”

விமல்ராஜ் விழித்தான். மேலே பார்த்தான். பிறகு கைபேசியை எடுத்தான். பீமாராவும் மேசைக்கு அடியில் விரல்விட்டு எண்ணித் தோற்றுப்போனான்.

“பதினேழு,” என்றாள் ரஞ்சனி. “நீங்க இல்ல.”

“எனக்கு நெட்வொர்க் வரும் மேடம். கணக்கு வராது. வளவனுக்கே சுமார்தான்.” விமல்ராஜ் மூச்சுவிட்டான். “இந்த விஷயம் எனக்கே பயமாத்தான் இருக்குது. தெனம் பதில் வருது. ஊர்ல கரன்ட் போனா நிக்குது. அப்புறம் அமாவாசை. அன்னிக்கு மட்டும் எத்தினி பேர் கேட்டாலும் ஒரு வரி வராது.”

“அது எப்படிங்க?” என்றான் பீமாராவ். “ஊர் ஒலகத்துல இருக்கிற பேயெல்லாம் அன்னிக்குத்தான் டபுள் டூட்டி பாக்கும். இது மட்டும் லீவு போடுதா?”

அவனே சொல்லிவிட்டு, கையில் சிலிர்த்து நின்ற ரோமத்தை அவனே தடவிவிட்டுக்கொண்டான். ரஞ்சனி மட்டும் அவனைத் திரும்பி ஒரு நிமிஷம் பார்த்தாள். அவன் ஏதோ உருப்படியாகச் சொல்லிவிட்டது போல.

“முதல் பதில்ல ஒரு புதிர்த் தளத்தோட முகவரி இருக்கு. தட்டினா ஒண்ணும் வரல,” என்றாள்.

“அத தீபாவளிக்கே இழுத்து மூடிட்டாங்க மேடம். பொங்கல் கழிச்சி வந்த பதில்ல அது எப்படி வந்துச்சின்னு நானும் யோசிச்சேன். எதையும் ஒருக்கா தட்டிப் பாக்காம சொல்ற ஆளு இல்ல அவன்.”

ரஞ்சனி அவனுடைய கணினியில் உட்கார்ந்தாள். அந்த முதல் பதிலைப் பிரித்து, அடியில் ஒட்டிக்கொண்டிருந்த கையொப்பத்தைத் தனியாக எடுத்து, ஏதோ கட்டளைகள் தட்டினாள். திரையில் நாலு வரி வந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே, “கிளம்பலாம் பீமா,” என்றாள்.

“இன்னா மேடம் இருந்திச்சி?”

“அப்புறம்.”

இந்த ‘அப்புறம்’ வந்தால் அவளிடம் அதற்குமேல் பெயராது என்று அவனுக்குத் தெரியும்.

காரில் ஏறியதும் அவள் மடிக்கணினியைத் திறந்தாள். “செத்தவனுக்கு ஒரு கடுதாசி போடப்போறேன்.”

“ஸ்டாம்ப் ஒட்டணுமா?”

“அவனோட ஊர்ச் சாவியால பூட்டி அனுப்பறேன். ரகசியச் சாவி யார்கிட்ட இருக்கோ அவரால மட்டும்தான் படிக்க முடியும். படிச்சவர் நாலு மணிக்குக் கோட்டைக்குள்ள கல்யாண மகாலுக்கு வரணும். வர்றவர்தான் வளவன்.”

“வேற இன்னா எழுதியிருக்கீங்க?”

அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். எழுத்தும் எண்ணுமாக, பூனை விசைப்பலகை மேல் நடந்தது போல ஒரு பத்தி. “படிச்சுக்கோ.”

“எங்க ஊர் டாக்டர் எழுத்தே தேவலாம்,” என்றான் பீமாராவ்.

நாலு மணிக்குக் கோட்டைக்குள் ஆள் நடமாட்டம் குறைந்திருந்தது. ஆடிக்காற்று ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே சிக்கிக்கொண்டு வெளியேற வழி தெரியாமல் அலைந்தது. கல்யாண மகாலின் நடுமுற்றத்தில் உயர்ந்து நின்ற மாடக் கோபுரத்துக்குள் புகுந்து, ஒவ்வொரு மாடமாக ஏறி, மேலே போய்ப் பெருமூச்சு விட்டது. சுற்றியிருந்த கல் அறைகள் அந்த மூச்சை வாங்கித் திருப்பிக் கொடுத்தன. புறா ஒன்று படபடத்ததில் பீமாராவ் ரஞ்சனியின் தோளைப் பிடித்துவிட்டு, “சாரி மேடம்,” என்றான்.

“நீ இதையெல்லாம் நம்பறியா?”

அவனுக்கு வேடிக்கையாக ஒன்றும் வாயில் வரவில்லை.

அவனுடைய நைனா இறந்தபோது அவருடைய கைபேசி எண்ணை அவன் அழிக்கவில்லை. சில மாதம் கழித்து ஒரு நாள் வாட்ஸ்அப்பைத் திறந்தபோது, நைனா என்ற பெயருக்குக் கீழே ‘ஆன்லைன்’ என்று வந்தது. கம்பெனிக்காரன் அந்த எண்ணை வேறு யாருக்கோ விற்றிருப்பான் என்று அவனுக்குத் தெரியும். அந்த நொடியே தெரியும். ஆனாலும் அன்றைக்கு முழுவதும் அவன் வண்டி எடுக்கவில்லை. அந்த ஒரு சொல்லைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். அது மறைந்தால் துக்கம், மறுபடி வந்தால் பயம். இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை.

வெளியே பைக் சத்தம். எட்டிப் பார்த்த பீமாராவுக்கு ரத்தம் கொதித்தது. விமல்ராஜ் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிக்கொண்டிருந்தான்.

“பாத்தீங்களா! கணக்கு தெரியாத மாதிரி நடிச்சிருக்கான்!” ஒரே ஓட்டமாக ஓடி அவன் சட்டைக் காலரைப் பிடித்தான். “ஏன்டா, பெத்தவ வயித்துல இப்படி அடிக்கிறியே, நீயெல்லாம் கூட்டாளியா?”

“அண்ணே உடுங்க! எனக்கு ஒண்ணும் தெரியாது! கோட்டைக்குக் கொண்டாந்து உடுடான்னாங்க, உட்டேன்!”

“யாரு?”

விமல்ராஜ் பின்னால் கையைக் காட்டினான். வண்டியின் பின்னிருக்கையிலிருந்து இறங்கி, முந்தானையைத் தோளில் இழுத்துப் பின் குத்திக்கொண்டு ஒரு அம்மாள் நின்றார். அறுபதைத் தாண்டிய வயது. வெயிலுக்குக் கறுப்புக் குடை. அவர் குடையை மடக்கிவிட்டு, வகுப்பறைக்குள் நுழைகிறவரைப் போல முற்றத்தை ஒருமுறை கண்ணால் அளந்தார்.

“எம்புள்ளைக்குக் கடுதாசி போட்டது யாரு?” என்று கேட்டார்.

பீமாராவின் கை தானாகக் காலரை விட்டது.

“நான்தான் டீச்சர்,” என்றாள் ரஞ்சனி. “வாங்க, நிழலுக்கு வாங்க.”

மங்கை டீச்சர். அரசுப் பள்ளியில் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவர். வளவனின் அம்மா. விமல்ராஜை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு மூவரும் கல் அறை ஒன்றின் விளிம்பில் உட்கார்ந்தார்கள்.

“நான்தான்னு எப்படித் தெரிஞ்சிது?”

“தவறாப் போனா அழிக்காத, கோடு இழுத்துட்டுப் பக்கத்துல எழுதுன்னு கம்ப்யூட்டர்காரன் சொல்ல மாட்டான். பரீட்சைத் தாள் திருத்தினவங்க சொல்வாங்க. அமாவாசைக்குப் பதில் வரல. அன்னிக்கு நீங்க மலையனூர்ல இருப்பீங்க.”

பீமாராவ் தலையில் கைவைத்துக்கொண்டான். லீவு போட்ட பேய் இதுதான்.

“மோனிகாவுக்குத் தெரியாதுன்னு கடுதாசியில எழுதியிருந்தீங்க,” என்றார் டீச்சர்.

“இன்னும் தெரியாது. ஏன் டீச்சர் இப்படி?”

மங்கை டீச்சர் குடையை மடியில் கிடத்தினார். காற்று மேல் மாடத்துக்குப் போய்த் திரும்பி வந்தது.

“கதவ சாத்திட்டு அழறதுக்குத்தான் ரிடையர் ஆனேன்னு இருந்துச்சிமா. பொங்கல் கழிச்சி ஒரு பொண்ணு போன் பண்ணிச்சி. ‘ஆன்ட்டி, அண்ணன் பதில் போட்டிருக்காரு’ன்னிச்சி. அவன் ரூமுல பழைய கம்ப்யூட்டர் இருக்குது. போட்டுப் பாத்தேன். பச்சையா எழுதியிருந்திச்சி, கையொப்பம் சரி, வளவன்னு. பொய் சொல்லாத ஒண்ணு அதுன்னு அவனே எனக்குச் சொல்லிக் குடுத்திருக்கான். நான் ஒடம்ப பாக்கல. மோனிகா பாத்தா, அழுதுகினே பாத்தா. அது வேற எவனாவதா இருக்கக் கூடாதா?”

“அப்புறம்?”

“அடுத்த பதிலுக்குக் காத்துக்கினு இருந்தேன். வரல. புள்ளைங்க மேல மேல கேக்குதுங்க. அண்ணா சொல்லுங்க, அண்ணா எங்க போனீங்கன்னு. பதில் வரலன்னா மறுபடியும் செத்துட்டான்னு சொல்லிடுவாங்களே. பஸ்ஸுல ஜன்னல் வழியா துண்டு போட்டு எடம் புடிப்போமே, அந்த மாதிரி. அவன் வர்ற வரைக்கும் அவன் எடத்துல நான் துண்டு போட்டு வெச்சேன்.”

“ஆனா இந்தப் படிப்பு?”

“அவன் மத்த புள்ளைங்களுக்குப் படிங்கன்னு சொன்னத எல்லாம் நான் படிச்சேன். ஒரு வீடியோ உடல, ஒரு பாடம் உடல. அவன மாதிரி எழுதணும்னா வேற வழி? பூட்டுக் கணக்கு சீக்கிரம் வந்துச்சி. நெட்வொர்க்தான் இன்னும் பாதி புரியல.” அவர் முகத்தில் ஒரு கணம் மாணவியின் கூச்சம் வந்து போனது. “அந்தக் கம்ப்யூட்டர்ல காவல்மாடம் அவன் பேர்லயே தொறந்து கெடந்திச்சி, சாவியும் அதுலயே இருந்திச்சி. அதத் தொறக்கறதுக்குத்தான் உயிர் போச்சி. சாமி பேரு போட்டேன். மோனிகா பேரு, அவங்க நைனா பேரு, எம்பேரு. ஒண்ணும் தொறக்கல. ஒரு நாள் சோத்த வெச்சிக்கினு அந்த ஸ்கிரீன பாத்துக்கினே இருந்தேன். பழக்கத்துல வாயில வந்திச்சி. தெனம் ரூம் வாசல்ல நின்னு கத்துவேன், ‘சோறு ஆறிப்போவுது வாடா’ன்னு. அத அப்படியே அடிச்சேன். தொறந்துகிச்சி.”

பீமாராவ் குனிந்து செருப்பைச் சரிசெய்தான். செருப்பில் ஒன்றும் ஆகவில்லை.

“ஆனா ஒண்ணு,” டீச்சர் நிமிர்ந்தார். “அந்த முதல் பதில் நான் எழுதல. சாமி சத்தியமா நான் எழுதல. அதுக்கு உங்ககிட்ட பதில் இருக்குதா? அது அவன். அவன் எங்கியோ இருக்கான்.”

காற்று நின்றுபோயிருந்தது. அடுத்த நொடியில் பீமாராவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது: விமல்ராஜின் சென்டரில் அந்த நாலு வரி, தீபாவளிக்கே மூடிய தளம். அவன் ரஞ்சனியைப் பார்த்து, வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தான். இருக்கட்டும் மேடம், இந்த ஒண்ணு மட்டும் அவங்ககிட்டயே இருக்கட்டும்.

ரஞ்சனி அதைப் பார்த்தாள். பார்த்தும் சொன்னாள்.

“நீங்க சொல்றது நிஜம் டீச்சர். அத எழுதினது வளவன்தான். கையொப்பத்துக்குள்ளயே அது போட்ட நேரம் பதிவாகியிருக்கும். எல்லாரும் பச்சை வரிய பாத்தாங்க, அத யாரும் பிரிச்சிப் பாக்கல. போன ஆடியில போட்ட கையொப்பம் அது. விபத்துக்கு மொத நாள். அந்தப் பொண்ணுக்கு செமஸ்டர் தொடங்கற அன்னிக்கு வெளியாகணும்னு காவல்மாடத்துல நாள் குறிச்சி வெச்சிட்டார். அவர் போனது அதுக்குத் தெரியாது. சொன்ன நாள்ல சொன்னபடி வெளியாயிடுச்சி.”

கணக்கில் எங்கே தப்பு என்று தேடுகிறவரைப் போல மங்கை டீச்சரின் பார்வை தரையில் மேலும் கீழும் போனது.

“மொத நாளு,” என்றார் கடைசியில். “எப்போ? காலையிலயா?”

“மத்தியானம். சாப்பாட்டு வேளை.”

“கூப்ட்டேன். அன்னிக்கு மூணு தபா கூப்ட்டேன். ‘ஒரு பொண்ணுக்கு வாக்குக் குடுத்துட்டேம்மா, முடிச்சிட்டு வரேன்’னான். வாசல்ல நின்னு கத்துனேன். ஒரு கையெழுத்து போட்டுட்டு வரேன்னான்…”

அந்தக் கையொப்பத்துக்கு அவன் எந்தச் சொற்களை அடித்திருப்பான் என்று அங்கிருந்த மூவருக்கும் தெரியும். வாசலில் நின்று அவர் எதைக் கத்தினாரோ, அதையேதான் அந்த நேரத்தில் அவன் அடித்துக்கொண்டிருந்தான்.

டீச்சர் அழுதார். ஒரு வருஷமாகத் தாழ்ப்பாள் போடாமல் வைத்திருந்த அழுகை. ரஞ்சனி பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டாள். பீமாராவ் எழுந்து முற்றத்தில் இறங்கி, அண்ணாந்து ஏழெட்டு மாடத்தையும் வெறித்துப் பார்த்தபடி நின்றான்.

பொழுது சாய்வதற்கு முன் அவர்கள் சிறுகடம்பூர் வீட்டில் இருந்தார்கள். வளவனின் அறையில் பழைய கணினி ஓடிக்கொண்டிருந்தது. டீச்சர் முதலில் மோனிகாவை அழைத்தார்.

“மோனிகா, நான்தான். வெள்ளிக்கெழமைக்கு மால சொல்லிடு. பெருசா சொல்லு. …ஆமாண்டி, ஆளு யாருன்னு தெரிஞ்சிபோச்சி. நீ வா, நானே சொல்றேன். அழுவாத. வா.”

கைபேசியை வைத்துவிட்டு ரஞ்சனியிடம் திரும்பினார். “அந்தப் பச்சை வரி இனி வரக் கூடாது. அதுக்கு வழி இருக்குதில்ல? படிச்சேன். ஆனா அந்தப் பாடத்த மட்டும் செஞ்சி பாக்கல.”

“இருக்கு. இந்தச் சாவி இனி செல்லாதுன்னு அந்தச் சாவியாலயே கையொப்பம் போட்டு ஒலகத்துக்கு அறிவிக்கணும். அப்புறம் யாரும், எப்பவும், அத வெச்சி வளவனா கையொப்பம் போட முடியாது.”

“திரும்ப மாத்த?”

“முடியாது டீச்சர்.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். ரஞ்சனி சொல்லச் சொல்ல அவரே தட்டினார். கணினி ஒரு கேள்வி கேட்டது. ரஞ்சனி அதைத் தமிழில் சொன்னாள். “சாவி ஏன் செல்லாதுன்னு காரணம் கேக்குது. சாவி திருடுபோயிடுச்சி, வேற சாவி வந்துடுச்சி, இந்தச் சாவி இனி பயன்பாட்டுல இல்ல. இல்லன்னா காரணம் சொல்ல விருப்பமில்ல. இதுல ஒண்ணு.”

“எறந்துட்டான்னு ஒண்ணு இல்லியா?”

“இல்ல டீச்சர்.”

பீமாராவ் வாயைத் திறந்தான். அந்த அறையில் தான் சொல்லக்கூடிய வேடிக்கை எதுவும் இல்லை என்று அறிந்து, மூடிக்கொண்டான்.

டீச்சர் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார். கணினி கடைசியாகக் கடவுச்சொற்றொடரைக் கேட்டது. அடிக்கும்போது அவர் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. எண்டர் விசைமேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். தெருவில் பால்காரனின் வண்டி வந்து, மணியடித்து, போய்விட்டது. அவர் அழுத்தினார்.

திரையில் ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. இரண்டு வரி வந்தது, அவ்வளவுதான். காவல்மாடத்தைப் புதுப்பித்துப் பார்த்தார்கள். வளவன் பெயருக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில், இந்தச் சாவி செல்லாது என்று இருந்தது.

அதற்குக் கீழேயே, யாரோ ஒரு பிள்ளை சற்றுமுன் கேட்டிருந்தது: ‘அண்ணா, எனக்கு ஊர் பனமலை. பிளஸ் டூ முடிச்சிட்டேன். கிரிப்டோகிராஃபி கத்துக்கணும். எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?’

ரஞ்சனி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பீமாராவும் செருப்பைத் தேடினான். வாசல்வரை போனவன், விசைப்பலகைச் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தான்.

மங்கை டீச்சர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக அடித்துக்கொண்டிருந்தார். கையொப்பம் எதுவும் இல்லாத முதல் வரி திரையில் ஏறியது.

‘நான் வளவனுடைய அம்மா.’